கால் எட்டாத சின்ன பைக்கை உங்கள் உயரத்துக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் உயரம் 152 சென்டிமீட்டர். சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து தினமும் விடியற்காலை வேலைக்குப் போவதற்காக 2பி உரிமம் (200 சிசி வரையிலான பைக்குகளுக்கு) எடுத்தவுடன் வாங்கிய 155 சிசி பைக்கின் சீட் உயரமோ 810 மில்லிமீட்டர். வாங்கிய மாதமே ஒரு வொர்க்‌ஷாப்பில் கொடுத்து, பின் ஷாக்கை (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் பாகம்) சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் தகடுகளை மாற்றிப் பின்பக்கத்தை 35 மி.மீ. இறக்கினேன். அன்று முழுக்க சந்தோஷம். மூன்றாம் நாள் எங்கள் புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில், சைடு ஸ்டாண்டில் நின்ற பைக் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்து கிடந்தது. பிரேக் லீவர் முறிந்து, டேங்க் நசுங்கியிருந்தது. பின்பக்கம் இறங்கினால் ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

போன மாதம் வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அக்கா, லிங்க் மாத்திட்டா போதும்ல?" என்று கேட்டாள். போதாது. அது முதலில் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்ற வரிசைதான் இதில் எல்லாமே. காசு குறைந்த, திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய வேலைகள் முதலில். பைக் ஓடும் விதத்தையே மாற்றுகிற வேலைகள் கடைசியில். பலருக்கு அந்தக் கடைசி வேலைகள் தேவைப்படவே தேவைப்படாது.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

உயரத்தைவிட முக்கியம் உள்கால் நீளம். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே மேலே இழுத்துப் பிடியுங்கள், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உங்கள் எண். எனக்கு 69 செ.மீ.

இப்போது கணக்கு. 810 மி.மீ. என்பது ஆள் ஏறாத பைக்கின் சீட் உயரம். நீங்கள் உட்கார்ந்ததும், உங்கள் எடைக்குச் சரியாக அமைத்த ஷாக் அமுங்கி, ஏறக்குறைய 30 மி.மீ. இறங்கும். பூட்ஸ் தளம் உங்களுக்கு 30 மி.மீ. கூட்டித் தரும். அப்படியானால் 780க்கு எதிராக எனக்கு 720. பாக்கி 6 செ.மீ. குதிகாலைத் தூக்கி நின்றால் இந்த 6 செ.மீ. கிட்டத்தட்ட அடைபடும். ஆனால் சீட்டின் அகலம் கால்களை வெளியே தள்ளுவதால் அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. இதனால்தான் சீட் உயரத்தை மட்டும் பார்த்து பைக் வாங்கக்கூடாது. யமாஹா என்மேக்ஸ் ஸ்கூட்டரின் சீட் 765 மி.மீ. தான், ஆனால் அகலமானது. ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் 400 சிசி, சுமார் 200 கிலோ, அதன் சீட்டோ 755 மி.மீ., முன்பக்கம் குறுகலாகவும் இருக்கும். குட்டையான பலர் சின்ன 155ஐ விட அதில் தைரியமாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் படுவது இலக்கு அல்ல. ஒரு பாதத்தின் முன்பாதி உறுதியாகப் பட்டால் போதும். இடுப்பைச் சீட்டில் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி இடக்காலை ஊன்றினால், வலக்கால் பின் பிரேக்கில் இருக்கும். நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் மேல்நோக்கி நிற்கும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும். இரண்டு கால் நுனியிலும் ஊசலாடி நிற்பவரைவிட ஒரு காலை நன்றாக ஊன்றியவர் திடமாக நிற்பார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இங்கே இடப்பக்கம் ஓட்டுவதால் பல சாலைகள் மழைநீர் வடிய இடது ஓரமாகச் சற்றுச் சரிந்திருக்கும். ஓரமாக நிறுத்தினால் இடக்காலுக்குத் தரை கொஞ்சம் தள்ளிப் போகும். தடத்தின் நடுவே நில்லுங்கள்.

பூட்ஸ்

மிகச் சுலபமான வேலை. தடிமனான, ஈரத்தில் வழுக்காத ரப்பர் தளம் உள்ள பூட்ஸ் வாங்குங்கள், அல்லது இருப்பதற்கு 15, 20 மி.மீ. கூடுதல் தளம் ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள். தளம் முழுவதும் ஒரே தடிமனாக இருக்கட்டும். குதிகால் மட்டும் உயர்ந்தால் பயனில்லை, ஏனென்றால் நாம் ஊன்றுவது முன்பாதத்தை. தடிமன் கூடியபின் கியர் லீவருக்கு அடியில் பாதம் நுழைய இடம் குறையும். கியர் லீவரை ஒரு பல் மேலே மாற்றிப் பொருத்துங்கள். எம்ஆர்டி ரயில்பாதை கட்டுமான இடங்களில் சாலையில் கிடக்கும் இரும்புத் தகடுகள் மழையில் எப்படி வழுக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, தளத்தின் பிடிப்பு அதன் உயரத்தைவிட முக்கியம் என்பது புரியும்.

சீட்: நேரத்தையும் காசையும் இங்கே போடுங்கள்

ஒரே ஒரு வேலைதான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சஸ்பென்ஷன் மாறாது, பைக் திரும்பும் விதம் மாறாது, ஸ்டாண்டைத் தொட வேண்டாம்.

முதலில் பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் உங்கள் மாடலுக்கு ஒரு பழைய சீட் தேடி வாங்குங்கள். அசல் சீட்டை உறையில் போட்டுப் பத்திரமாக வைத்துவிடுங்கள். பைக்கை விற்கும்போது தேவைப்படும், வேலை சொதப்பினாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் "சீட்டை இறக்குங்க" என்றுதான் சொல்வார்கள். தையல்காரரும் நடுவில் ஸ்பாஞ்சைத் தோண்டிக் கொடுத்துவிடுவார். ஒரு வாரம் கழித்து இடுப்பெலும்பு சீட்டின் அடித்தகட்டில் இடிக்கும். நீங்கள் கேட்க வேண்டியது இறக்குவதை அல்ல, குறுக்குவதை. சீட்டின் முன்பகுதி, அதாவது டேங்கை ஒட்டிய 15 செ.மீ., அங்கே இரு ஓரங்களையும் சரிவாகச் சீவ வேண்டும். கால் வெளியே போய்க் கீழே இறங்குவதற்குப் பதிலாக நேராகக் கீழே இறங்கும். எனக்கு ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. சீவியதில் தரை ஏறக்குறைய 2 செ.மீ. பக்கத்தில் வந்தது, உட்காரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட எடுக்காமலே.

எங்கே சீவுவது என்பதைக் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள். வழக்கமாக அணியும் கால்சட்டையோடு, பூட்ஸோடு பைக்கில் உட்கார்ந்து, இடக்காலை ஊன்றுங்கள். கூட இருப்பவர் தொடையின் உட்புறம் சீட்டில் எங்கெங்கே படுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போடட்டும். வலக்காலுக்கும் அப்படியே. அந்தக் கோடுகளுக்கு வெளியே உள்ளதுதான் உங்கள் காலைத் தடுக்கிற ஸ்பாஞ்ச். உறையைப் பிடித்திருக்கும் ஸ்டேபிள் பின்களைக் கழற்றி, ரொட்டி வெட்டும் நீளக் கத்தியால் மெல்லிய துண்டுகளாக எடுத்து, 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஒரு தடவை எடுப்பது அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். எடுங்கள், உட்காருங்கள், மறுபடி எடுங்கள்.

இதற்குப் பிறகும் உயரம் வேண்டுமென்றால் உட்காரும் இடத்தில் 2 செ.மீ. வரை எடுக்கலாம். மிச்சமிருக்கும் ஸ்பாஞ்ச் 4 செ.மீ. க்குக் குறையக்கூடாது. அதை அடர்த்தி கூடிய ஸ்பாஞ்சாக மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. உட்காரும் பகுதி முன்னோக்கிச் சரியாமல் மட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கின் மேல் வழுக்கிப் போவீர்கள்.

நம் ஊர் மழையை நினைத்து ஒரு வேலை கூடுதலாகச் செய்யுங்கள். உறையைத் திரும்பப் போடுவதற்கு முன் ஸ்பாஞ்சின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தையல் துளை வழியே நீர் இறங்கி, வெயில் காய்ந்த மூன்றாம் நாள்கூடச் சீட் ஈரமாக இருக்கும்.

பின் ஷாக்கை உங்கள் எடைக்கு அமைத்தல்

குட்டையானவர்கள் பலர் எடையும் குறைவு. இதனால் நமக்கு இரட்டைச் சிக்கல்: 70 கிலோ ஆளுக்கு 35 மி.மீ. அமுங்கும் ஷாக், 48 கிலோ எடையுள்ள எனக்கு 20 மி.மீ. தான் அமுங்கியது. அதே பைக் எனக்கு இன்னும் உயரமாக நின்றது.

அளப்பது எளிது. பின் சக்கரம் தரையில் படாதபடி பைக்கைத் தூக்கிப் பிடித்து, அச்சாணியிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளிவரை அளவெடுங்கள். பிறகு பைக் தன் எடையில் மட்டும் நிற்கும்போது ஒரு அளவு. கடைசியாக ஹெல்மெட், பூட்ஸோடு நீங்கள் உட்கார்ந்து, இருவர் பைக்கை நேராகப் பிடித்திருக்க ஒரு அளவு. முதல் அளவுக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம், பின் சக்கரம் மொத்தம் ஏறி இறங்கும் தூரத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். சின்ன பைக்குகளில் இது பெரும்பாலும் 30 முதல் 40 மி.மீ.

குறைவாக இருந்தால், ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றும் படிவளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் மென்மையான பக்கமாக ஒவ்வொரு படியாக இறக்கி மறுபடி அளங்கள். கடைசிப் படிக்கு வந்தும் அமுங்கவில்லை என்றாலும், அமுங்குவது சரியாகி பைக் தன் எடையிலேயே அளவுக்கு மீறி இறங்குகிறது என்றாலும், ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம் என்று பொருள். அப்போது உங்கள் எடைக்கு ஏற்ற மென்மையான ஸ்பிரிங் போடுவதுதான் முறை. உயரமும் குறையும், மேடுபள்ளத்தில் முதுகும் பிழைக்கும். பின்னால் ஆள் ஏற்றும் நாளில் படியைத் திரும்ப ஏற்ற மறக்கக்கூடாது.

லீவரும் ஹேண்டில்பாரும்

சீட்டில் உட்கார்ந்து முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும். கை நீட்டி விறைத்திருந்தால் குறுகலாகத் திரும்பும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் உடம்பே சாயும், கால் எட்டாதவருக்கு அந்த நேரத்தில் பைக் விழும். குழாய் ஹேண்டில்பார் என்றால் கிளாம்பைத் தளர்த்திச் சில டிகிரி உங்கள் பக்கம் திருப்பலாம். திருப்பியபின் இருபக்கமும் முழுக்க வளைத்து, விரல் டேங்கில் நசுங்கவில்லை, எஞ்சின் ஓடும்போது வேகம் தானாக ஏறவில்லை என்று உறுதிப்படுத்துங்கள். தானாக ஏறினால் கேபிள் இழுபடுகிறது.

சின்னக் கைகளுக்கு, தூரம் மாற்றும் திருகு உள்ள லீவர்கள் நல்ல முதலீடு. ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவரில் வசதியாக மடிய வேண்டும். கிளட்ச் கேபிளைத் தளர்த்தி லீவரைக் கிட்டே கொண்டுவரலாம் என்று சிலர் செய்வார்கள். அளவுக்கு மீறித் தளர்த்தினால் கிளட்ச் முழுதாக விடாது, சிவப்பு விளக்கில் பைக் முன்னே ஊரும். கையேட்டில் சொன்ன ஆட்டத்தை அப்படியே வையுங்கள்.

இதற்குப் பிறகும் எட்டவில்லை என்றால் மட்டும்: பைக்கையே இறக்குவது

நான் என் பைக்கிலிருந்து அந்த மாற்று லிங்க் தகடுகளைக் கழற்றி, அசலையே திரும்பப் போட்டுவிட்டேன். சீட்டும் ஷாக் அமைப்பும் பூட்ஸும் சேர்ந்தே எனக்குப் போதுமாயிற்று. 148 செ.மீ. உயரமுள்ள என் சித்தி மகளுக்கு அது போதவில்லை, அவள் பைக்கை இறக்கினோம். இந்த முறை சரியாக.

இறக்குவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். மாற்றங்களை அங்கே அனுமதி தேவைப்படாதவை, அனுமதி பெற்றே செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் வேலை எதில் சேரும் என்று தெளிவாகாவிட்டால் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு 3 வயது தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறோம், காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பைக்கின் சட்டகத்தில் வெட்டுவது, ஒட்டுவது எதுவும் வேண்டாம்.

லிங்க் தகடு எல்லா பைக்கிலும் கிடையாது. யமாஹா ஆர்15, எம்டி-15 போன்றவற்றில் உண்டு. கேடிஎம் டியூக் 200இல் ஷாக் நேராகச் சக்கரக் கையில் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் தண்டு) பொருந்தியிருக்கும், அங்கே குட்டையான ஷாக்தான் வழி. லிங்க் உள்ள பைக்கில் தகட்டின் நீளம் சில மில்லிமீட்டர் கூடினாலே பின்பக்கம் 20, 30 மி.மீ. இறங்கிவிடும். 25க்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து.

பின்னால் மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்று என் பைக்கையே எடுத்துக்கொள்வோம். சக்கரங்களுக்கு இடையே 1,335 மி.மீ., இறக்கியது 35 மி.மீ. பைக் முழுதும் ஒன்றரை டிகிரி பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. அந்த ஒன்றரை டிகிரியில் 20 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் வெளிச்சம் அரை மீட்டர் மேலே ஏறும், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். முன் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சாய்வு கூடி, சிலேத்தார் விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் பைக் வெளியே வெளியே போயிற்று. நான் என் ஓட்டத்தில்தான் குறை என்று நினைத்து மனம் விட்டுப்போனேன்.

ஆகவே முன்பக்கத்தையும் இறக்க வேண்டும். பின்னால் இறக்கியதில் பாதியாவது. சித்தி மகள் பைக்கில் பின்னால் 20, முன்னால் 10 மி.மீ. வைத்தோம். முன் சக்கரம் தொங்கும்படி பைக்கை உறுதியாகத் தாங்கவைத்து, மேல் கிளாம்ப், கீழ் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஃபோர்க் குழாய்களை மேலே தள்ளுங்கள். இரண்டு குழாயும் ஒரே அளவு வெளியே நிற்பதைக் காலிப்பரால் அளங்கள். கண்ணளவு போதாது. போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள், அதிகம் இறுக்கினால் குழாய் நெரிபடும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்து முழுபலத்தோடு அமுக்கிப் பாருங்கள்: மட்கார்டு எதிலும் இடிக்கக்கூடாது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் வளைக்கும்போது இழுபடக்கூடாது. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். காக்கி புக்கிட்டிலும் ஊபியிலும் வொர்க்‌ஷாப்புகளுக்குப் பஞ்சமில்லை, எத்தனை மி.மீ. என்று தாளில் எழுதிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

பின்னால் இருவரை உட்காரவைத்து நன்றாக அமுக்கி, டயருக்கும் உள்மட்கார்டுக்கும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அப்படியே செயினையும் சோதியுங்கள். முன் பல்சக்கரம், சக்கரக் கையின் மூட்டு, பின் அச்சாணி மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுகும். அந்த நிலையிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும்.

அப்புறம் சைடு ஸ்டாண்ட். பைக் இறங்கியபின் பழைய ஸ்டாண்ட் நீளமாகிவிடும், பைக் நிமிர்ந்து நிற்கும், ஒரு தட்டு போதும், அந்தப் பக்கம் விழ. பின்னால் 20, முன்னால் 10 இறங்கினால் நடுவே உள்ள ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய 15 மி.மீ. குறைய வேண்டும். நடுவில் வெட்டி, உள்ளே கம்பி வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முதலில் 12 எடுத்து நிறுத்திப் பார்ப்பது நல்லது, வெட்டியதை வளர்க்க முடியாது. அடிப்பாதம் தரையில் தட்டையாகப் படும் கோணம் மாறக்கூடாது, எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் உள்ள மேல்பகுதியைத் தொடக்கூடாது. நீளம் மாற்றக்கூடிய ஸ்டாண்ட் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் வெட்டவே வேண்டாம். கடைசியாக ஹெட்லைட்டைச் சுவருக்கு நேரே நிறுத்தித் திருப்பி அமையுங்கள்.

சாலைக்கு எடுப்பதற்கு முன்

காலியான இடம் ஒன்றில் அரைமணி நேரம் செலவிடுங்கள். எட்டு வடிவில் மெதுவாகச் சுற்றுவது, 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து இடக்காலை ஊன்றுவது, வேகத்தடையில் நேராக ஏறி எக்ஸாஸ்ட் உரசுகிறதா பார்ப்பது. பைக்கைத் தள்ளிக்கொண்டு நடக்கவும் பழகுங்கள். கால் எட்டாதவர்கள் உட்கார்ந்தபடி பின்னே தள்ளுவது வீண் போராட்டம். இறங்கி, இடப்பக்கம் நின்று, சீட்டின் மேல் இடுப்பைச் சாய்த்துத் தள்ளினால் எடையே தெரியாது. நிறுத்தும்போது மூக்கை இறக்கத்தின் பக்கம் விடாதீர்கள், அப்புறம் மேட்டில் பின்னால் இழுக்க வேண்டிவரும்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு உடனே கிளம்பிவிடாதீர்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போகும் வரிசையில் நூறு தடவை நின்று நூறு தடவை நகர வேண்டும், இருபக்கமும் கைப்பிடி உரசுமளவுக்கு பைக்குகள். புதிய அமைப்பில் இரண்டு வாரமாவது ஊருக்குள் ஓட்டிப் பழகிய பிறகு போங்கள், அதுவும் முதல் தடவை வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம்.

200 கி.மீ. ஓடியதும் தொட்ட போல்ட் ஒவ்வொன்றையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள்: ஃபோர்க் கிளாம்ப், லிங்க், ஹேண்டில்பார், ஸ்டாண்டின் மூட்டு. கழற்றிய அசல் பாகங்களை ஒரே பெட்டியில் போட்டு, எது எத்தனை மி.மீ. மாற்றினீர்கள் என்ற தாளையும் அதற்குள் வையுங்கள்.